உழவாரம் ஏந்திய அப்பரடிகள்

மனிதனுக்குப் பகைவர் வெளியில் மட்டும் இருப்பதில்லை. தகுதியற்றவன், தவறு செய்தவன், காலத்தை வீணாக்கியவன், இனி உயர வழியில்லாதவன் என்று தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் எண்ணமும் ஒரு பெரும் பகையே ஆகும். இப்பகையை வென்றவர் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்த அவர்தம் வரலாற்றை இந்நோக்கில் சிந்திப்போம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாய்ப் பிறந்த இவருக்கு மருள்நீக்கியார் என்பது பிள்ளைப் பெயர். இளமையிலேயே தந்தையும் தாயும் மறைந்தனர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையின் அடிகளில் விழுந்து, அவர் பிரிந்தால் தாம் அவருக்கு முன்னே மடிவதாகக் கூறித் தடுத்தார் தம்பி. தம்பிக்காகவே தமக்கை வாழ்ந்தார்.

பின்னர் மருள்நீக்கியார் சமண சமயத்தைத் தழுவி, பாடலிபுத்திரத்தில் அந்நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று விளங்கினார். திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, மலர்மாலை தொடுத்துத் தொண்டு செய்து, தம்பியை ஆட்கொள்ளுமாறு இறைவனை வேண்டி வந்தார்.

தருமசேனருக்குக் கொடிய சூலைநோய் வந்தது. மந்திரமும் மருந்தும் பயன்படவில்லை. தமக்கைக்கு ஆள் அனுப்பினார். அவர் அங்கு வர இசையவில்லை. எத்தனையோ ஆண்டுகள் பிரிந்திருந்த பின், எந்த முகத்தோடு அவர் முன் நிற்பது என்று தயங்கியிருந்தால் நமக்கு நாவுக்கரசர் கிடைத்திருக்கமாட்டார். பெற்ற தலைமையையும் பெயரையும் விட்டு, இரவோடு இரவாகத் திருவதிகை சென்று தமக்கையின் காலில் விழுந்தார். அம்மையார் பழையதைச் சொல்லிக் கடிந்தாரில்லை. இறைவனின் கருணையே இது என்று தேற்றித் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முதற்பதிகம் பிறந்தது, நோய் நீங்கியது, நாவுக்கரசர் என்னும் பெயரும் வந்தது.

பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான். எதற்கும் அவர் அஞ்சவில்லை. ஆனால் வெளிப்பகைக்கு அஞ்சாத அவரையும் உட்பகை விடவில்லை. பழைய வாழ்வில் திரிந்த இவ்வுடலோடு உயிர்வாழ்வதும் தகுமோ என்று திருப்பெண்ணாகடத்தில் வருந்தினார். அவ்வருத்தத்தை உள்ளே புதைத்து வைக்கவில்லை. இறைவன் திருமுன் எடுத்து வைத்தார். வேண்டியவாறே சூல முத்திரையும் இடப முத்திரையும் அவர் திருத்தோளில் பொறிக்கப்பெற்றன. தீதென அவர் வெறுத்த அதே உடலை இறைவன் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டான்.

அவ்வுடலைக் கொண்டு அவர் செய்தது என்ன? உழவாரம் ஏந்திக் கோயில் தோறும் புல் செதுக்கினார். தம்மினும் மிக இளையவரான ஞானசம்பந்தர் அவரை அப்பர் என்றழைத்தார். இருவரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. அடியார்க்கு அமுதளிக்க இறைவன் நாள்தோறும் இருவருக்கும் பொற்காசு அளித்தான். சம்பந்தர் பெற்ற காசு வட்டம் கொடுத்து மாற்ற வேண்டியதாய் இருந்தது. அப்பர் பெற்றதோ குறையற்ற காசு. கைத்தொண்டின் சிறப்பே அதற்குக் காரணம் என்கிறார் சேக்கிழார். தம்மை எளியவராகக் கருதியவரின் உழைப்பை இறைவன் எளியதாகக் கருதவில்லை!

திருமறைக்காட்டில் கதவு திறக்க அப்பர் பலமுறை பாட வேண்டியிருந்தது. அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாடலே போதியதாயிற்று. இறைவன் திருவுளத்தை அறியாமற் போனேனே என்று அன்றிரவு அப்பர் கவன்றார். அந்தக் கவலையிலும் சம்பந்தர்பால் அவருக்குப் பொறாமை எழவில்லை. திருவாய்மூருக்கு வருமாறு இறைவன் உணர்த்தியதும் எழுந்து பின்சென்றார். மனம் சோர்ந்தாலும் கால்கள் நின்றுவிடவில்லை.

81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதய நாளில் திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு. காலம் கடந்து திரும்பி வந்தவர் அருளியவையே இன்று 4, 5, 6-ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன.

அரசுப் பணியில் இருக்கும் யான், தேர்வில் ஒருமுறை தவறியதற்காகத் தம்மால் எதுவும் ஆகாது என்று ஒதுங்கிவிட்ட நம் இளைஞர் சிலரைக் கண்டதுண்டு. அவர்களுக்கு நாம் திலகவதியாராக இருத்தல் வேண்டும். கடிந்துரைக்காமல் கைப்பிடித்து அழைத்து வந்து, செய்வதற்கு ஒரு தொண்டைக் காட்டுவோம். தாழ்வெண்ணம் நம்மைச் சூழும்போது, அதனோடு வாதிட்டுக்கொண்டிராமல் திருக்கோயில் வளாகத்தில் ஒரு துடைப்பத்தை எடுப்போம். கை தூய்மை செய்யத் தொடங்கினால் மனமும் மெல்ல மெல்லத் தூய்மையுறும். அப்பரடிகள் வாழ்ந்து காட்டிய வழி அதுவே. அவ்வழி நின்று உய்வோமாக!