காய்ந்த இலையில் உரம் கண்ட கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். நிலக்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்துகாட்டிய அமெரிக்கக் கறுப்பின அறிவியலாளர் என்று புத்தகங்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று சிலர் சேர்த்துச் சொல்வதுண்டு. அது சரியன்று, அவருக்கு முன்பே அதற்குக் காப்புரிமை வாங்கியவர்கள் இருந்தார்கள். கடலைக்குக் கிடைத்த புகழில் அவருடைய பெரிய வேலை ஒன்று மறைந்துபோயிற்று. கையில் காசில்லாத சிறு உழவர்களிடம் அவர் எடுத்துச் சென்ற குப்பை உரத்தைப் பற்றி இன்று நாம் பேசுவோம்.

அடிமைகளின் பிறந்த நாளை யாரும் எழுதி வைப்பதில்லை. 1864ஆம் ஆண்டையொட்டி, மிசூரி மாநிலத்தில் மோசஸ் கார்வர் என்பவரின் பண்ணையில், மேரி என்ற அடிமைப் பெண்ணின் மகனாக அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் பிள்ளையையும் கடத்திச் சென்றார்கள். பிள்ளை மட்டும் மீண்டது. மீட்டு வந்தவருக்கு மோசஸ் ஒரு குதிரையைக் கொடுத்தார். தாய் என்ன ஆனார் என்று கடைசிவரை தெரியவில்லை. அடிமைமுறை ஒழிந்த பிறகு மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. அதனால் வயல் வேலைக்கு அனுப்பாமல், சமையலிலும் துணி வெளுப்பதிலும் தோட்டத்திலும் சூசன் அவரைப் பழக்கினார். அக்கம்பக்கத்தார் தங்கள் செடி வாடினால் இந்தச் சிறுவனிடம்தான் வழி கேட்பார்களாம்.

படிப்பு எளிதில் கிடைக்கவில்லை. அருகிலிருந்த பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. கேன்சஸில் ஒரு கல்லூரி அஞ்சல் வழியாக இடம் தந்துவிட்டு, நேரில் போனதும் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. 1890ல் அயோவாவில் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார்; துணி வெளுத்துப் பிழைத்தார். அவருடைய ஓவிய ஆசிரியைதான் செடிகொடிகளில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டு வேளாண் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். 1894ல் இளநிலைப் பட்டமும் 1896ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கேயே ஆய்வாளராக நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதே 1896ல், அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்கான கல்விக்கூடத்தை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தார். கார்வர் போனார், சாகும்வரை அங்கேயே இருந்தார்.

போன இடம் எப்படிப்பட்டது? அடிமைத்தளை அறுந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் கறுப்பின உழவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலமில்லை. வெள்ளையரின் நிலத்தை வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், வீட்டுக்கு மாவு எல்லாவற்றையும் கடைக்காரர் கடனாகத் தருவார். விளையப்போகும் பருத்தியை அதற்கு ஈடாக எழுதி வாங்கிக்கொள்வார். ஆகவே பருத்தியைத் தவிர வேறு பயிர் வைக்க விடமாட்டார்கள். வாசற்படிவரை பருத்திதான். ஒரே பயிரை ஆண்டுக்கு ஆண்டு விதைத்ததில் மண் செத்தது. மண் செத்ததால் விலைக்கு உரம் வாங்க வேண்டியதாயிற்று. உரம் வாங்கியதால் கடன் ஏறியது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் உழவனே இன்னும் பாக்கி தர வேண்டியிருக்கும். சாப்பாடோ மக்காச்சோள மாவும் பன்றிக் கொழுப்பும் பாகும். காய்கறி நட இடமில்லை.

இந்தக் கண்ணியை எங்கே அறுப்பது? காசு கொடுத்து வாங்கும் உரத்தில் அறுக்கலாம் என்று கார்வர் கண்டார். செயற்கை உரமே கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தவர் அல்லர். தம் சோதனை வயலில் அதையும் பயன்படுத்திப் பார்த்தவர்தான். ஏழையால் அதை வாங்க முடியாது, வாங்கினால் மீள முடியாது என்பதே அவர் கணக்கு. காட்டில் காய்ந்த இலை கிடக்கிறது, சதுப்பில் கரிய சேறு கிடக்கிறது, தொழுவத்தில் சாணம் கிடக்கிறது. இவற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை. இலையும் சேறும் இரண்டு பாரம், அதன்மேல் தொழுஎரு ஒரு பாரம் என்று அடுக்கடுக்காகப் போட்டு, மழைநீர் வழிந்தோடும்படி மேலே கூம்பாகக் குவித்து, வசந்தகாலம்வரை மக்கவிடச் சொன்னார். நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால், இதில் என்ன புதுமை என்பார்கள். புதுமை இல்லைதான். ஆனால் குப்பைமேட்டைக் கூட மறக்கும்படி கடன் அந்த மக்களைப் பழக்கியிருந்தது.

அடுத்தது பயிர் மாற்றம். தட்டைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. பருத்திக்கு முன் இவற்றை விதைத்தால் மண்ணுக்கு உரமும் பிள்ளைகளுக்குப் புரதமும் கிடைக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் வலியுறுத்தினார். 1910ஐ ஒட்டிப் பருத்திக் கூன்வண்டு அலபாமாவுக்குள் நுழைந்தபோது, அதுவரை கேளாத காதுகளும் கேட்கத் தொடங்கின.

சொல்லிவிட்டால் போதுமா? கார்வர் உழவர்களைக் கூட்டங்களாகச் சேர்த்தார். 1897 முதல் மாதந்தோறும் உழவர்கள் டஸ்கீகியில் கூடினார்கள். பேச்சைவிட, அவர்களைச் சோதனை வயலுக்கு அழைத்துப்போய்க் காட்டுவதிலேயே அவருக்கு நம்பிக்கை. வேலை குறைந்த குளிர்காலத்தில் கட்டணமின்றிக் குறுகிய காலப் பயிற்சி நடந்தது. அவர் எழுதிய சிறு நூல்கள் நாற்பதுக்கும் மேல். ஒரே நூலில் பயிரிடும் முறையும் இருக்கும், இல்லத்தரசிக்குச் சமையல் குறிப்பும் இருக்கும். 1916ல் வந்த கடலை நூலில் மட்டும் 105 வகைச் சமையல்!

வர முடியாதவர்களிடம் 1906ல் பள்ளியே போயிற்று. நியூயார்க் வங்கியாளர் மாரிஸ் ஜெசப் தந்த நன்கொடையில் செய்த வண்டி அது. கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி, பால் சோதிக்கும் கருவி என்று அதில் வைக்க வேண்டியவற்றைக் கார்வர் வகுத்துக் கொடுத்தார். அவருடைய மாணவர் தாமஸ் கேம்பெல் அதை ஊர் ஊராக ஓட்டிச் சென்றார். ஒருவர் வயலில் வண்டி நிற்கும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும். அந்த மண்ணிலேயே செய்து காட்டுவார்கள்.

எல்லாம் வென்றது என்று சொன்னால் அது பொய்யாகும். நிலம் தமதில்லாதவன் மூன்று ஆண்டு பாடுபட்டு மண்ணைத் தேற்றினால், நான்காம் ஆண்டு அதன் பயன் யாருக்கு? பருத்திதான் வேண்டும் என்ற உரிமையாளரிடம் தட்டைப்பயறு விதைக்கக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்? அந்தப் பூட்டுக்குக் கார்வரிடம் சாவி இல்லை. நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து அவர் வெளிப்படையாகக் குரல் எழுப்பியதும் இல்லை. கொஞ்சமாவது சொந்த நிலம் வைத்திருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள். நிர்வாகத்திலும் அவர் கெட்டிக்காரர் அல்லர். கோழிப் பண்ணைக் கணக்கில் ஏற்பட்ட குளறுபடியால் வாஷிங்டனோடு மனத்தாங்கல் வந்தது. பதவி விலகப்போவதாகப் பலமுறை எழுதினார், விலகவில்லை.

1921ல் கடலை இறக்குமதி வரி பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் பேசியதும் நாடெங்கும் பெயர் பரவியது. 1929ல் சி.எஃப். ஆண்ட்ரூஸ் டஸ்கீகிக்கு வந்தார். அவர் வழியாகக் காந்தியடிகளோடு தொடர்பு ஏற்பட, கார்வர் சைவ உணவுக் குறிப்புகளை அனுப்பி வைத்தார்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் விவிலியத்தோடு வாழ்ந்தவர். விடியுமுன் எழுந்து காட்டுக்குள் தனியே நடப்பார். அந்நேரம் தமக்குச் செபநேரம் என்று கருதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறுதோறும் மாணவர்களுக்கு விவிலிய வகுப்பு நடத்தினார். படைத்தவர் எதையும் வீணுக்குப் படைக்கவில்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. காய்ந்த இலையை அவர் குப்பையாகப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரும் பொருளாதாரச் சரிவின் நடுவே, 1936ல், எழுபது வயதைக் கடந்த கார்வர் மண்வளம் பற்றி மீண்டும் ஒரு சிறு நூல் எழுதினார். புகழ் பெற்றுத்தந்த கடலையை விட்டுவிட்டு, அதே இலை, அதே சேறு, அதே எருக்குவியலைத்தான் அதில் விளக்கினார். சம்பளத்தைச் செலவழிக்கத் தெரியாத மனிதர். சேர்ந்திருந்த சுமார் 60,000 டாலரும் டஸ்கீகியில் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. 1943 சனவரி 5ஆம் நாள் இறந்தார். அடிக்கடி சண்டையிட்ட வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.