இரு செவிக்கும் இசை தந்த ஆலன் புளும்லைன்

ஹெட்போன் என்னும் செவிக்கருவியை அணிந்து இசை கேட்கும் மாணவன், வயலின் இடப்புறத்தும் மத்தளம் வலப்புறத்தும் நின்று ஒலிப்பதாக உணர்கின்றான். ஸ்டீரியோ எனப்படும் அவ்வின்பத்திற்கு வழிவகுத்த பெரியார் யாவரென அவன் எண்ணுவது அரிது. அவரே ஆலன் டௌவர் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர்.

இவர் 1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியிற் பிறந்து ஆங்கிலக் குடியுரிமை பெற்றவர். அன்னையாரோ, இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பாகத் தென்னாப்பிரிக்கா சென்று ஊழியம் புரிந்த வில்லியம் டௌவர் என்னும் போதகரின் மகளார். இளமையில் நூல் வாசிப்பதிற் பெரிதும் பின்தங்கியிருந்த இவர், கணிதத்தைக் கருவியாகக் கொண்டு முன்னேறி, 1923இல் பொறியியற் பட்டத்தை முதல் வகுப்பிற் பெற்றனர்.

1929இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியிற் சேர்ந்தார். 1931இல் அக்கம்பெனி வேறொன்றுடன் இணைந்து ஈ.எம்.ஐ. என்றாயிற்று. அவ்வாண்டிற் பேசும் படமொன்றைக் கண்ட புளும்லைன், நடிகர் திரையின் ஒரு புறத்தே நிற்க, அவர் குரல் பிறிதோரிடத்திலிருந்து வருதலைக் குறையெனக் கண்டார். ஓரொலி ஒரு செவிக்குச் சற்று முந்தியும் மிகுந்தும் சென்று சேர்தலாலன்றோ அது வருந் திசையை நாம் அறிகின்றோம்? ஆதலின் இரண்டு ஒலிவாங்கிகள், இரண்டு தடங்கள், இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு பதிவுகள் என வகுத்து, டிசம்பர் 14ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934இல் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவின் இசையை இம்முறையிற் பதிந்தும் காட்டினார்.

இரு தடமென்றால் பெருக்கியும் இரண்டு வேண்டும்; அவை ஒத்திருத்தலும் வேண்டும். ஒன்று சிறிது மிகினும் நடுவே நின்று பாடுபவர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். எனவேதான் இன்று சிறிய ஹெட்போன் பெருக்கியொன்றை அமைப்பவரும் இரு புறத்திற்கும் ஒரே ஒலியைச் செலுத்தி ஒத்துப் பார்க்கின்றனர். அப்பெருக்கியினுள்ளும் புளும்லைனின் கைவண்ணம் உண்டு. இரண்டு வால்வுகளை இணைத்து, அவ்விரண்டிற்கும் பொதுவாகப் பெரியதொரு மின்தடையை வைத்து, இரண்டிலும் ஒருங்கே புகும் இரைச்சலை அடக்கி, வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்றினை 1936இல் இவர் வகுத்தார். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த பின்னரும், இக்காலச் சில்லுப் பெருக்கிகளின் வாயிலில் நிற்பது அவ்விணையே.

எச்சுற்றையும் முதலிற் தாளிற் கணித்தே அமைத்தல் வேண்டும் என்பது இவர்தம் கொள்கை. கணித்ததைச் செய்து சோதித்தாலன்றி இவர் மனம் அமைதியுறாது. அவ்வியல்பே இவரை வானிற்கும் அழைத்துச் சென்றது. இரண்டாம் உலகப் போரில், இரவிலும் மேகத்தினூடும் விமானிக்குத் தரையைக் காட்டும் ராடார் கருவியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்த இவர், 1942 ஜூன் 7ஆம் நாள், அதனைச் சோதிக்கும் பொருட்டு ஹாலிபாக்ஸ் விமானத்தில் ஏறினார். வழியில் எஞ்சினொன்று தீப்பற்றியது. விமானம் இங்கிலாந்தின் ஹியர்போர்டுஷயரில் விழுந்து நொறுங்கியது; அதிலிருந்த பதினொருவரும் மாண்டனர். போர்க்காலமாதலின் அச்செய்தி மறைத்து வைக்கப்பட்டது. ஆராய்ந்தபொழுது, எஞ்சினில் செவ்வனே முடுக்கப்படாத சிறு திருகுமரையொன்றே கேட்டிற்குக் காரணமெனக் கண்டனர். 38 வயதிற்குள் 128 காப்புரிமைகள் பெற்ற அறிஞரை, மனைவியும் இரு புதல்வரும் இழந்தனர்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த ராடார் போரிற் பயன்பட்டது. ஸ்டீரியோ இசைத்தட்டோ 1958ஆம் ஆண்டளவிலேயே கடைகளுக்குப் பரவலாக வந்தது. விதைத்தவர் களத்து நெல்லைக் கண்டிலர்.

மாணவ நண்பர்காள்! மின்தடை ஒன்றையேனும் கணியாது வையாத கைகளுக்குரியவர், பிறரொருவர் முடுக்காது விட்ட மரையொன்றால் மாண்டார். சிறு பணியென ஒன்று இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இனி நாம் செவிக்கருவியை அணியும்பொழுது, இடமும் வலமும் ஒத்து ஒலிக்கும் அவ்வொழுங்கில், கடமையை முற்றச் செய்த ஒருவரின் நினைவையும் கேட்போமாக.