ஏரியலைச் சுருக்கிய பேராசிரியர்

திருப்பரங்குன்றத்தில் இன்று மொட்டை மாடிகளில் டி.வி. தட்டுகள் தெரியும். 1990-ம் ஆண்டு வாக்கில் அங்கே அலுமினியக் கம்பிகள்தான் நின்றன. காக்கை உட்கார்ந்தால் படம் ஆடும்!

அந்தக் கம்பிகளில் ஒயர் மாட்டியதுதான் உயிர். கை நீட்டியதுபோல் இரு பக்கமும் கம்பி, நடுவில் இடைவெளி. அதில் மின்சாரம் முன்னும் பின்னும் துடித்தால் அலை கிளம்பும். அலை வந்து பட்டால் மின்சாரம் துடிக்கும். கம்பியின் நீளம், அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கவேண்டும். 3 மீட்டர் அலைக்கு ஒன்றரை மீட்டர் கம்பி. ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளினால் உயரே போகிறதல்லவா? அதேதான்.

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1887-ல் இந்த ஏரியலைச் செய்தார். அவருடைய அலை நீளமானது, கருவிகளும் பெரியவை. அலையை வளைக்க அவர் வார்த்த கீல் பட்டகம் அரை டன்னுக்கு மேல்!

இதைச் சுருக்கியவர் கல்கத்தாவில் இருந்தார். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858-ல் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். சேவகர் மகனும் மீனவர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் சம்பளத்தைத் தொடவில்லை. வேலைக்கு மட்டும் தவறாமல் போனார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டு! தந்தை பட்ட கடன் வேறு கழுத்தை நெரித்தது. கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

கல்லூரியில் நல்ல ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. தகர வேலை செய்யும் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்தார். அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். அலை சிறுத்ததும் ஏரியலும் சிறுத்தது! நீண்ட கம்பிகள் போய்ச் சின்னஞ்சிறு உலோகக் குண்டுகள் வந்தன. எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கின.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன் செய்து காட்டினார். அலை சுவரைத் தாண்டிப் போய் மணி அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. 1897-ல் லண்டன் விஞ்ஞானிகளும் வியந்தார்கள்.

இதை வைத்துப் பணம் பண்ண அவருக்கு மனமில்லை. நண்பர்கள் வற்புறுத்தி 1904-ல் அமெரிக்கப் பேடண்ட் எடுத்தார்கள். அதையும் காலாவதியாக விட்டார்.

போஸ் 1937-ல் காலமானார். இன்று புதிய கார்கள் பலவற்றின் முன்பக்கம் ராடார் இருக்கிறது. அதில் ஓடும் அலையின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர்.