பொன்நிற மருந்து தந்த சுப்பாராவ்

காசிக்குப் போனவர்கள் இராமேசுவரத்துக்கும் வந்து கடலில் நீராடினால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. அந்தக் காசிக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிறுவன் வீட்டுக்குத் தெரியாமல் புறப்பட்டான். வயது 13. புண்ணியம் தேடி அல்ல, பணம் தேடி! யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவன் கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. வீட்டார் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பழம் விற்கப் புறப்பட்ட அந்தச் சிறுவன்தான், பிற்காலத்தில் உலகத்துக்கே உயிர் காக்கும் மருந்துகளைத் தந்தான். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சென்னையில் படிப்பு

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்பிலும் முதலில் பின்தங்கியே இருந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். தாயார் விடவில்லை. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார்.

பிறகு மாநிலக் கல்லூரி. அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். ஆபரேஷன் அறையிலும் சுப்பாராவ் கதர் உடுத்தி நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே வீட்டில் பேரிடி விழுந்தது. 'ஸ்புரு' என்னும் கொடிய வயிற்று நோயால் அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் மாண்டனர். சுப்பாராவையும் அந்த நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். நோய்க்கு மருந்து காண்பதே இனித் தன் வேலை என்று உறுதி கொண்டார்.

அன்றைய அச்சம்

அந்தக் காலத்தில் தொற்றுநோய் என்றால் ஊரே நடுங்கும். பெருங்கூட்டம் கூடும் தலங்களில் வாந்திபேதி பரவுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பல் ஏற விட்டார்கள். நோயைத் தடுக்கச் சில தடுப்பூசிகள் இருந்தன. ஆனால், உடலுக்குள் புகுந்துவிட்ட கிருமியைப் பிடித்து அடக்க நல்ல மருந்து அநேகமாக இல்லை.

கடல் கடந்து

சுப்பாராவ் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார். பிறந்த குழந்தை சிறு பிராயத்திலேயே இறந்துவிட்டது. அதன் முகத்தைக்கூடத் தந்தை காணவில்லை.

பாஸ்டனில் கையில் காசு இல்லை. பகலில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலச்சட்டிகளையும் கழுவினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்க் என்ற அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்தார். இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டனர். நம் தசைகளுக்குச் சக்தி தரும் பொருள்களையும் கண்டனர்.

ஆனால், ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் அருகே இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அங்கே அவர் குழுவினர் செய்தவை பல. இரத்தம் ஊற உதவும் போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். அதைத் தழுவி இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து செய்தார்கள். யானைக்கால் நோய்க்கு 'ஹெட்ரசான்' மாத்திரை தந்தார்கள்.

மண்ணில் கிடைத்த பொன்

பெனிசிலின் அப்போது பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆனால், அது எல்லாக் கிருமிகளையும் அடக்கவில்லை. வேறு மருந்து தேட எண்ணிய சுப்பாராவ், 70 வயது கடந்த டக்கர் என்ற தாவரவியல் அறிஞருக்கு அந்த வேலையைத் தந்தார். பல ஊர்களிலிருந்து மண் வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மிசௌரி மாநிலத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், பொன்நிறமான பொருளைச் சுரந்தது. அதற்கு 'ஆரியோமைசின்' என்று பெயரிட்டார்கள். அது பலவகைக் கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்தியது. ஊசி இல்லாமல் வாயாலேயே சாப்பிடவும் முடிந்தது.

மருந்தின் புகழ் டக்கருக்கே போகட்டும் என்று சுப்பாராவ் ஒதுங்கி நின்றார். 1948 ஜூலையில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறு மாதமே, ஆகஸ்டில், மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். வயது 53. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இன்று நம் வீட்டில்

ஆரியோமைசினை முதலாகக் கொண்ட குடும்பத்துக்கு டெட்ராசைக்ளின் என்று பெயர். அதில் ஒன்றான டாக்ஸிசைக்ளினை எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் டாக்டர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். இப்படிப்பட்ட மருந்துகளைத்தான் மக்கள் 'ஆன்டிபயாடிக்' என்கிறார்கள்.

இந்த மருந்து கிருமி வளர வேண்டிய புரதத்தைச் செய்யவிடாமல் தடுக்கிறது. வளர்ச்சி நின்ற கிருமியை உடலின் காவல் சக்தி ஒழிக்கிறது. ஆனால், பாக்டீரியா என்னும் கிருமியிடம்தான் அதன் வேலை நடக்கும். சளி, புளூ, டெங்கு ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு இதைச் சாப்பிடுவது, பூட்டுக்குப் பொருந்தாத சாவியைப் போட்டுத் திருப்புவதுதான்.

வீணாகவும் அரைகுறையாகவும் சாப்பிட்டால் வேறு கேடும் உண்டு. எளிய கிருமி மடியும். வலிய கிருமி தங்கும். அது பெருகி, மருந்துக்கு அடங்காத பட்டாளமாகி, அடுத்தவருக்கும் பரவும். டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமிகள் இன்று பல உண்டு.

கவனிக்க வேண்டியவை

சீட்டில் டாக்டர் எழுதிய அளவு, வேளை, நாள் மூன்றையும் மாற்றக் கூடாது. காய்ச்சல் விட்டதென்று நாமாக நிறுத்தக் கூடாது. மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பது பொருள். காலாவதியான டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். டெட்ராசைக்ளின் வகை சிறு பிள்ளைகளின் பல்லில் நிறம் படிய வைக்கும். ஆகையால் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டாக்டர் சொன்னாலொழியத் தரக் கூடாது. பால், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவை இதன் பலனைக் குறைக்கும். எவ்வளவு நேரம் இடைவெளி விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

பாம்பன், தொண்டிக் கரையோர மக்களுக்கு இன்னொன்று. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும். கடலுக்குப் போகிறவர்களும், பாசி எடுக்கும் பெண்களும், உப்பளத்தில் உழைப்பவர்களும் தங்கள் தொழிலை டாக்டரிடம் சொல்லட்டும். தலையையும் கைகளையும் துணியால் மூடிக்கொள்ளட்டும்.

எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மருந்து சாப்பிட்டபின் உடலெங்கும் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சகோதரர்களை நோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் அயல் நாட்டில் உழைத்துத் தேடித் தந்த செல்வம் இது. அதை வீணாக்காமல் நம் பிள்ளைகளுக்கும் மிச்சம் வைப்பது நம் பொறுப்பு.