பிரித்துப் போட்டுப் படித்த மேதை ஜி.டி. நாயுடு

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆரம்பப் படிப்போடு சரி. அதற்கு மேல் பெஞ்சில் உட்காரவே இல்லை. நண்பர்களே, அந்த மனிதரைத்தான் பின்னாளில் இந்தியாவின் எடிசன் என்று ஊரே கொண்டாடியது!

இருபது வயது வாக்கில், ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது 1912 மாடல் ரட்ஜ். மாடோ குதிரையோ இழுக்காமல் தானாக ஓடும் வண்டி! அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பைத்தியம். கிராமத்தை விட்டுக் கோவைக்கு வந்தார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். மூன்று வருடம் காசு சேர்த்து, ரூபாய் 300 கொடுத்து, அதே அதிகாரியிடம் அதே வண்டியை வாங்கினார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சாவியைப் போட்டு ஊரைச் சுற்றியிருப்போம். (அந்த வண்டிக்குச் சாவி ஏது!) அவர் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். பிறகு திரும்பவும் மாட்டினார். அவருடைய காலேஜ், லேப், வைவா எல்லாம் அந்த ஒரு வண்டிதான்.

பிரிக்கிறது யாருக்கும் வரும். மாட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் வால்வு சரியான நேரத்தில் திறந்து மூடும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது சில எஞ்சினில் கியர், சிலதில் செயின், சிலதில் பெல்ட். லேலண்ட் லாரியில் கியர். பழைய அம்பாசிடரிலும் பியட்டிலும் செயின். மாருதி 800-ல் பெல்ட். நாயுடு பிரித்த காலத்து ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் கியர்தான். எதுவாக இருந்தாலும் ஒரு பல் மாறினால் வண்டி முனகும். அதிகம் மாறினால், வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சினாக இருந்தால், கதை முடிந்தது. மார்க்கைப் பார்த்து மாட்டச் சொல்லிக் கொடுக்க அவருக்கு ஆசிரியரும் இல்லை, மேனுவலும் இல்லை.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓடிய அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். அதுதான் வளர்ந்து யூ.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. அந்தக் காலத்தில் எஞ்சின் சாமான் எல்லாம் கப்பலில் வர வேண்டும். பஸ் நின்றால் வருமானம் நின்றது. எந்தச் சாமானை மாற்றலாம், எதை இன்னும் ஓட்டலாம் என்று தெரியாதவன் அந்தத் தொழிலில் ஒரு வருடம்கூட நின்றிருக்க முடியாது.

இது எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், வேங்கிக்காலில் எங்கள் தெரு டிரைவர் அண்ணன் ஒருவர் பழைய வேன் வைத்திருந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற சனங்களை ஏற்றி இறக்கித்தான் அவர் குடும்பம் ஓடியது. எஞ்சினை இறக்கி வேலை பார்த்தபோது, பெயர் தெரியாத மலிவு செயின் ஒன்றை, பல் தேய்ந்த பழைய ஸ்பிராக்கெட்டிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது மாதம் செயின் பல் தாண்டியது. வால்வு எல்லாம் வளைந்துபோச்சு. மிச்சம் பிடித்தது சில நூறு, போனது பல ஆயிரம். அண்ணி தாலிக்கொடியை அடகு வைத்தார்.

செயின் நீளுகிறது என்று சொல்கிறோமே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் துளித்துளியாகத் தேய்கிறது. எல்லாம் சேர்ந்து நீளம் கூடுகிறது. கொக்கி மாதிரி வளைந்த பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதையும் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் செயின், இரண்டு ஸ்பிராக்கெட், டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் செட்டாக மாற்ற வேண்டும். கண்ணி எத்தனை, பிட்ச் எவ்வளவு, ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா என்று பழசோடு வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். கேம் மேலே இருக்கும் எஞ்சினில் ஹெட்டைச் சீவியிருந்தால் கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் குறைந்துவிடும். புதுச் செயினும் தொளதொளவென்று நிற்கும். மாட்டிய பிறகு செல்ப் அடிக்காமல் கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, மார்க் திரும்பவும் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

நாயுடு கதைக்கு வருவோம். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைக் கோவை பீளமேட்டில் செய்தார். பேட்டரியில் ஓடும் சவர இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம்... சொல்லி மாளாது. 1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் காரை ரூபாய் 2000-க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். அரசாங்கம் லைசென்ஸ் தர மறுத்தது. கார் அதோடு நின்றது. அது ரோட்டுக்கு வந்திருந்தால் எத்தனை மெக்கானிக்குகள், எத்தனை லேத் பட்டறைகள் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நமக்கு நெருக்கமான விஷயம் இன்னொன்று உண்டு. 1945-ல் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் அங்கே பிரின்சிபால்! நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. ஆங்கில அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. அவருக்கு இரண்டு வருடம்கூடத் தேவைப்பட்டிருக்காது, சரி. ஆனால் எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். டிராயிங் ஷீட்டும் வெர்னியரும் கையில் பிடிக்கவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. மூன்று வருடம் நமக்குக் கொடுத்திருப்பது நல்லதுதான். அந்த மூன்று வருடத்தில் ஒரு எஞ்சினையாவது முழுசாக இறக்கி ஏற்ற விடுகிறார்களா என்று அவர் கேட்டிருந்தால், நான் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் கண்காட்சி இருக்கிறது. அதே ரோட்டில் ஜி.டி. கார் மியூசியமும் இருக்கிறது. செமஸ்டர் லீவில் நாலு பேர் சேர்ந்தால் நானும் வருகிறேன். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரிக்கல் எந்தப் பிரிவானாலும் சரி, யூனியன் அறையில் பெயர் கொடுங்கள்.