இராபர்ட் வைட்

மாவிலையின் நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். மூங்கில் இலையின் நரம்புகள் இணையாக ஓடும். நீரையும் உணவையும் கடத்தும் இந்நரம்புகள், தாவரத்தை இனங்காணவும் துணைபுரிகின்றன. இலை உலர்ந்து நிறமிழந்த பின்னும் அவற்றின் அமைப்பு புலப்படும். இத்தகைய நுண்கூறுகளுடன் தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களாக உலகிற்கு அளித்தவர் இராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796ஆம் ஆண்டு பிறந்த அவர், மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாளையங்கோட்டையில் படைப்பிரிவுடன் இருந்தபோது, சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே உள்ள குற்றால மலையில் தாவரங்களைச் சேகரித்தார். அவருக்காகத் தாவரங்களை வரைந்தோர் இரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். அவ்வோவியங்களை அச்சேற்றுவதற்காகக் கல்லச்சுக் கலையை வைட் தாமே கற்றார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2101 படங்களை வெளியிட்டார்.

அக்காலத்தில் இந்திய ஓவியர் பலரின் பெயர்கள் பதிவாகாமலே மறைந்தன. வைட்டோ தம் படங்களில் ஓவியர் பெயரைப் பொறித்தார். 1853இல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் ‘கோவிந்தூயியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். முதற்சொல் ஓவியரைக் குறிக்கும். அடுத்த சொல் ‘நரம்புகள் மிக்கது’ எனப் பொருள்படும். பின்னாளில் அச்செடி வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டது. வைட் 1872இல் மறைந்தார். எனினும், இலை நரம்புகளைத் தூரிகையால் பின்தொடர்ந்த கோவிந்துவின் பெயர் தாவரவியல் ஏட்டில் நிலைத்துள்ளது.