அறிவை மீட்க முயன்ற ஆசான் லூரியா

ஆறாம் வேற்றுமையை மாணவர்க்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். தந்தையின் தமையன் வேறு, தமையனின் தந்தை வேறு என்பதை எச்சிறுவனும் எளிதில் அறிவான் என்றே எண்ணியிருந்தேன். அவ்வேறுபாட்டை உணரும் ஆற்றலும் மூளையின் நலத்தைச் சார்ந்தது என்பதை அலெக்சாந்தர் லூரியாவின் வரலாற்றைப் படித்த பின்னரே அறிந்தேன்.

இரசியாவிலே கசான் நகரில் 1902ஆம் ஆண்டு மருத்துவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தவர் லூரியா. உளவியலை முதலிற் பயின்றார். வைகொட்ஸ்கி என்னும் பேரறிஞரோடு கூடி ஆராய்ந்தார். 1937இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

1941இல் போர் வந்தது. தலையிற் காயமுற்ற வீரர்க்கென யூரல் மலைப்பகுதியில், கிசெகாச் என்னுமிடத்தில், மருத்துவமனையொன்றை அமைக்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. அங்கே ஒருவர்க்குச் சொல் வரவில்லை. ஒருவர்க்குக் கண்ட எழுத்து விளங்கவில்லை. வேறொருவர்க்குத் தொடங்கிய கதையைத் தொடர முடியவில்லை. அழிந்த மூளைப்பகுதியின் தொழிலை ஏனைய பகுதிகளைக் கொண்டு வேறு வழியாற் செய்விக்கலாம் என்பது லூரியாவின் துணிபு. எழுத்தைக் கண்ணால் அறியமாட்டாதவன் அதன் வடிவை விரலால் வரைந்து அறியப் பழகினான். கதை தொடரமாட்டாதவனுக்கு ஆனால், அதன்பின், ஆகையால் என்பன போன்ற இணைப்புச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்தனர். தனித்து நில்லாதவை என்று நாம் வகுப்பிற் கூறும் இடைச்சொற்கள் அங்கே ஊன்றுகோலாயின!

1943இல் இடப்பக்கத் தலையிற் குண்டு பாய்ந்த இளம் வீரர் ஒருவரைக் கால் நூற்றாண்டுக்கு மேல் லூரியா கவனித்து வந்தார். வேற்றுமைத் தொடர்களே அவருக்குப் பெருந்தடையாயின. எழுத்தெழுத்தாக எழுத வராத அவரை, கையை எடாமல் சொல்லை ஒரே வீச்சில் எழுதுமாறு மருத்துவர் ஒருவர் ஏவினார். பழைய பழக்கத்தால் கை தானே எழுதிற்று. எழுதியதைத் தாமே வாசிக்க இடர்ப்பட்டும், ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதிக் குவித்தார். முற்றாகக் குணமடைந்தாரல்லர். அவ்வெழுத்தைத் தம் விளக்கத்தோடு சேர்த்து 1971இல் லூரியா நூலாக்கினார். 1977இல் மொஸ்கோவிற் காலமானார்.

பனையிலிருந்து வீழ்ந்து தலையில் அடிபட்டுத் தேறிய மாணவன் ஒருவன் முன்னொருகால் என் வகுப்பிலிருந்தான். கெட்டிக்காரனாயிருந்தவன், அதன்பின் தொடர்களை முன்பின்னாக மாற்றிக் கூறலானான். கவனமில்லையென்று கடிந்து பின்வாங்கில் இருத்தினேன். சில மாதங்களில் அவன் படிப்பை விட்டுவிட்டான். அன்று நான் இவ்வரலாற்றை அறிந்திருப்பின், ஓர் அட்டையாவது எழுதிக் கொடுத்திருப்பேன்.